அப்டேட் ஆச்சு, ஆனால் ஒன்றும் மாறவில்லை! – வாசகர் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே புலம்பல். டேட்டாபேஸில் அப்டேட் கொடுத்தால் எரர் வருவதில்லை, ரெக்கார்டும் மாறுவதில்லை. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிட்டேன். கடிதம் எழுதியவர்களின் ஊர் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை.

கேள்வி (ஆத்தங்குடி): மாமாவின் டைல்ஸ் பட்டறைக்கு பிஹெச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் வைத்து ஸ்டாக் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன் ஐயா. டிசைன் நம்பரை எடுத்து, சதுர அடி விலையை மாற்றி சேவ் கொடுத்தால் ‘விலை மாற்றப்பட்டது’ என்று பச்சையில் வருகிறது. பக்கத்தைத் திரும்பத் திறந்தால் பழைய விலைதான். மாமா இப்போது மறுபடியும் நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

பதில்: பொய் சொல்வது டேட்டாபேஸ் இல்லை தம்பி, நீங்கள் எழுதிய அந்தப் பச்சை வரி. உங்கள் கோடில் குவெரி (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) ஓடியதா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘மாற்றப்பட்டது’ என்று அச்சடிக்கிறீர்கள். குவெரி ஓடத்தான் செய்தது, ஆனால் எத்தனை ரெக்கார்டு மாறியது என்பது வேறு கேள்வி. பட்டறையில் ஒரு பையனைக் கூப்பிட்டு, ‘14-ஆம் நம்பர் டிசைன் எங்கே கிடந்தாலும் எடுத்து ஓரமாக அடுக்கு’ என்கிறீர்கள், 14-ஆம் நம்பரே அங்கே இல்லை, அவன் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறான். அவன் மேல் என்ன தப்பு? எந்த ரெக்கார்டை மாற்றுவது என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) கண்டிஷனுக்கு ஒரு ரெக்கார்டும் பொருந்தவில்லை என்றால் டேட்டாபேஸுக்கு அது எரரே கிடையாது. பூஜ்யம் ரெக்கார்டு மாறியது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அதனால் முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிஹெச்பி டேட்டாபேஸோடு பேசும் வழி மைஎஸ்க்யூஎல்ஐ என்றால் ‘அஃபெக்டட் ரோஸ்’, பிடிஓ என்றால் ‘ரோ கவுண்ட்’. அதில் 1 வந்தால் மாறியிருக்கிறது, வேறு இடத்தில் தேடலாம். மைஎஸ்க்யூஎல்ஐயில் மைனஸ் 1 வந்தால் குவெரியே தவறு, எரர் செய்தியைப் பிடித்துப் படியுங்கள். பிஹெச்பி 8.1-க்கு முன்னால் மைஎஸ்க்யூஎல்ஐ தானாக எக்ஸெப்ஷன் எறியாது, நாமாகக் கேட்டால்தான் வாயைத் திறக்கும், பழைய ஹோஸ்டிங்கில் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூஜ்யம் வந்தால் கண்டிஷனுக்குள் உண்மையில் என்ன மதிப்பு போகிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் போகும் என்று நினைப்பதைச் சொல்லவில்லை, போவதைச் சொல்கிறேன். அப்டேட் ஓடுவதற்கு முந்தைய வரியில் அந்த மதிப்பை இருபக்கமும் ஏதாவது ஒரு குறி வைத்துத் திரையில் அச்சடித்துப் பாருங்கள். குறிகள் இரண்டும் ஒட்டி வந்தால் நடுவில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய ஃபார்மைப் பார்த்தேன், காரணம் அங்கேயேதான் இருக்கிறது. டிசைன் நம்பரை யாரும் தொடக்கூடாது என்று அந்தப் பெட்டியை ‘டிசேபிள்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். டிசேபிள்டு ஆன பெட்டியின் மதிப்பை பிரௌசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. திரையில் ‘பூ-14’ என்று சாம்பல் நிறத்தில் தெரியும், சர்வருக்குப் போய்ச் சேர்வது வெறும் காற்று. வெற்று நம்பர் கொண்ட டிசைன் எதுவும் டேபிளில் இல்லை, ஆகவே பூஜ்யம். ‘ரீட் ஒன்லி’ என்று மாற்றுங்கள், அதுவும் தொட முடியாதபடிதான் இருக்கும், ஆனால் மதிப்பு போகும். இல்லாவிட்டால் ஒரு ஹிட்டன் பெட்டியில் நம்பரை வைத்து அனுப்புங்கள். பெட்டிக்கு ‘நேம்’ கொடுக்க மறந்து ‘ஐடி’ மட்டும் கொடுத்தாலும் இதே கதைதான். குவெரியை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் பிஹெச்பி உள்ளே இருக்கும் வேரியபிளை விரிக்காது, டாலர் குறியோடு அந்தப் பெயரையே டிசைன் நம்பராகத் தேடும், அதற்கும் எரர் வராது.

இன்னொன்று, இது மைஎஸ்க்யூஎல்லுக்கே உரிய குணம். விலை ஏற்கெனவே 62 ஆக இருந்து நீங்கள் மறுபடி 62 கொடுத்தால், ரெக்கார்டு பொருந்தினாலும் ‘மாறியது’ கணக்கில் பூஜ்யம்தான் வரும். மாமா சேவ் பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் இரண்டாம் தரம் பூஜ்யம். அதைப் பார்த்து ‘அப்படி ஒரு டிசைன் இல்லை’ என்று சிவப்பில் போட்டீர்களானால் அதுவும் பொய்யாகிவிடும். பிடிஓவில் ‘ஃபவுண்ட் ரோஸ்’ என்ற விருப்பத்தைப் போட்டு இணைத்தால் பொருந்தியவற்றின் எண்ணிக்கையே கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இந்த விளையாட்டெல்லாம் ஆடாது, மதிப்பு அதேதான் என்றாலும் பொருந்தியதை எண்ணிச் சொல்லிவிடும்.

கேள்வி (வைரவன்பட்டி அருகே): எங்கள் கோயில் புள்ளிக் கணக்கை கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறோம். வரி கட்டியவர் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து அப்டேட் கொடுத்தால் சிலருக்கு மாறுகிறது, சிலருக்கு மாறவில்லை. மாறாத பெயர்களைத் திரையில் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம், ஒரு வித்தியாசமும் இல்லை. இது என்ன மாயம்?

பதில்: செட்டிநாட்டுக்காரர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வரி: நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமானவர் ஒரு புள்ளி, வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான்.

மாயம் இல்லை அண்ணே, உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு இரண்டாக இருக்கிறது. ‘சொ.’ என்ற இனிஷியலையே எடுத்துக்கொள்வோம், உங்கள் பட்டியலில் எத்தனை ‘சொ.’ இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் (குறியீடு) தரும் யூனிகோடில் ‘சொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ‘ச’வும் அதன்மேல் ஒகரக் குறி முழுசாக ஒரே குறியீடாகவும். மற்றொன்று, ‘ச’வும், ஒற்றைக் கொம்பு தனியாக ஒரு குறியீடும், கால் தனியாக ஒரு குறியீடும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே ‘சொ’தான், உள்ளே ஒன்று இரண்டு குறியீடு, மற்றது மூன்று. எந்த விசைப்பலகை மென்பொருளில் அடித்தார்கள், பழைய எழுத்துருவில் இருந்ததை எந்தக் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதா இல்லையா என்பது டேட்டாபேஸ் ஒப்பிடும் முறையைப் பொறுத்தது. பைட் பைட்டாக ஒப்பிட்டால் நிச்சயமாகப் பொருந்தாது.

சந்தேகம் தீர ஒரு சோதனை. மைஎஸ்க்யூஎல்லில் ‘லெங்த்’ என்ற ஃபங்ஷன் பைட் கணக்கு சொல்லும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘சொக்கலிங்கம்’ ஒழுங்காக இருந்தால் 12 குறியீடு, 36 பைட். கொம்பும் காலும் பிரிந்து கிடந்தால் 39. 37 வந்தால் முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எக்ஸெலிலிருந்து ஒட்டிய பட்டியலில் இது சர்வசாதாரணம். பின்னால் ஒட்டிய இடைவெளியைப் பழைய கொலேஷன்கள் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) கண்டுகொள்ளாது, ஆனால் மைஎஸ்க்யூஎல் 8.0-இல் புதிதாக உருவாக்கும் டேபிள்களுக்கு இயல்பாக வரும் கொலேஷன் அதையும் ஓர் எழுத்தாகவே எண்ணும். ‘பழைய சர்வரில் ஓடியதே, புதிதில் ஏன் ஓடவில்லை’ என்று கேட்கிற பலருக்கு விடை இதுதான்.

‘ஸ்ரீ’ இன்னும் வம்பு. 2005-இல் யூனிகோடு 4.1-இல் ‘ஶ’ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது, அதனால் ‘ஸ’வில் தொடங்கியும் அதை எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். முன்னே சொன்ன ‘சொ’ சமாச்சாரத்தை நார்மலைசேஷன் (ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியதை ஒரே விதமாக்குவது) செய்து சரிப்படுத்திவிடலாம் (பிஹெச்பியில் ‘நார்மலைசர்’, பைத்தானில் ‘யூனிகோடுடேட்டா’, இரண்டிலும் ‘என்எஃப்சி’ என்று கொடுங்கள், ஏற்கெனவே இருக்கும் பெயர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டி, இனி உள்ளே வருவதையும் அதே வழியாக விடுங்கள்). ‘ஸ்ரீ’ அதில் மாறாது, நீங்களே தேடிப் பிடித்து ஒரே வகைக்கு மாற்றினால்தான் உண்டு. அப்புறம் ‘சொ.மெ.’ என்று ஒட்டி எழுதுவதும் ‘சொ. மெ.’ என்று விட்டு எழுதுவதும் இருக்கவே இருக்கிறது, அதில் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இத்தனையும் செய்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், பெயரை வைத்து ஏன் அப்டேட் செய்கிறீர்கள்? ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் அண்ணே நம்மூர். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே வீட்டிலேயே இரண்டு பேர் இருப்பார்கள், பங்காளி வீடுகளில் இன்னும் நாலு பேர். இன்றைக்கு ஒன்றும் மாறவில்லை என்று கவலைப்படுகிறீர்கள், நாளைக்கு ஒருவர் கட்டிய வரி நாலு பேர் கணக்கில் ஏறி நிற்கும், அந்தப் பஞ்சாயத்தைக் கோயில் கூட்டத்தில்தான் தீர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயரைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தேடி வந்த பட்டியலில் ஆளைத் தொட்டால் எண் போகட்டும், அப்டேட் அந்த எண்ணில் நடக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தீர்கள், ‘நிலை கட்டியாச்சு இல்லை என்றால் நினைவூட்டல் தேதியைப் போடு’ என்று கொடுத்தால் பாதிப் பேருக்குப் போடவில்லை என்று. அந்தப் பாதிப் பேருக்கு நிலை என்ற ஃபீல்டில் ஒன்றுமே நிரப்பாமல் ‘நல்’ (NULL) ஆக இருக்கும். நல்லை எதோடு ஒப்பிட்டாலும், சமம் என்று கேட்டாலும் சமமில்லை என்று கேட்டாலும், விடை ‘ஆம்’ என்று வராது. ‘அல்லது நிலை இஸ் நல்’ என்று கண்டிஷனில் கூடவே சேர்க்க வேண்டும்.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): விபி டாட் நெட், ஆக்சஸ் டேட்டாபேஸ் வைத்து மினி புராஜெக்ட் செய்கிறேன். அப்டேட் ஓடி 1 என்று வருகிறது, கிரிட்டிலும் மாறுகிறது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினால் எல்லாம் பழையபடி. திங்கட்கிழமை ரிவ்யூ!

பதில்: பயப்படாதேம்மா, கோடில் தப்பே இருக்காது. சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரரில் அந்த டேட்டாபேஸ் ஃபைலைத் தொட்டு, ப்ராபர்ட்டீஸில் ‘காப்பி டு அவுட்புட் டைரக்டரி’ என்ன இருக்கிறது என்று பார். ‘காப்பி ஆல்வேஸ்’ என்றிருந்தால் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் விஷுவல் ஸ்டூடியோ புராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கும் பழைய ஃபைலை எடுத்து, ‘பின்’ ஃபோல்டரில் நீ மாற்றிய ஃபைலின் மேல் எழுதிவிடும். ‘காப்பி இஃப் நியூவர்’ என்று மாற்று. நீ சர்வர் எக்ஸ்ப்ளோரரில் திறந்து பார்ப்பதும் அந்தப் பழைய ஃபைலைத்தான், மாறியது ‘பின்’னுக்குள் இருக்கிறது.

உன் தோழிக்கு 1 கூட வரவில்லை, பூஜ்யம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அவளுடைய பாராமீட்டர் (குவெரிக்குள் கோடு நிரப்பும் மதிப்பு) வரிசையைப் பார்க்கச் சொல். ஆக்சஸுக்கு ஓலெடிபி என்ற இணைப்பு வழியாகப் போகும்போது பாராமீட்டருக்கு வைக்கும் பெயருக்கு மதிப்பே கிடையாது, வரிசைதான் கணக்கு. குவெரியில் பெயர், மதிப்பெண், கடைசியில் ரோல் நம்பர் என்று இருக்க, கோடில் ரோல் நம்பரை முதலில் சேர்த்தால் மதிப்பெண்ணை ரோல் நம்பராக நினைத்துத் தேடும், எங்கே கிடைக்கும்? கிடைத்தால் இன்னும் மோசம், வேறொரு மாணவியின் பெயர் இருந்த இடத்தில் எண் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி (தேவகோட்டை): பலகாரக் கடைக்கு மைஎஸ்க்யூஎல்லில் கணக்கு வைத்திருக்கிறோம். தேன்குழல் விலையும் இருப்பும் ஒரே குவெரியில் மாற்றினால் இருப்பு மாறவே இல்லை, விலை 0 ஆகிவிட்டது.

பதில்: ‘செட் விலை = 320 அண்ட் இருப்பு = 50’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அண்ட்’டுக்குப் பதில் கமா போடுங்கள், முடிந்தது. என்ன நடந்தது என்றால், மைஎஸ்க்யூஎல் அதை ‘320-உம் சரி, இருப்பு 50 என்பதும் சரி, இந்த இரண்டும் உண்மையா’ என்று ஒரே கேள்வியாகப் படித்து, அதன் விடையை விலையில் போடும். இருப்பு அப்போது 50 இல்லை, விடை பொய், ஆகவே 0. இருப்பு 50 ஆகவே இருந்திருந்தால் கிலோ 1 ரூபாய்க்குத் தேன்குழல் விற்றிருப்பீர்கள். போஸ்ட்கிரெஸ் இதை ஏற்காமல் எரர் கொடுக்கும், மைஎஸ்க்யூஎல் தலையாட்டிவிடும். எனக்கு மைஎஸ்க்யூஎல்லில் பிடிக்காத குணங்களில் இது ஒன்று.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் பழைய வீட்டில் நாலு அறையை விருந்தினருக்கு விடுகிறோம். ஒரு தேதியில் வரும் புக்கிங்குகளை எல்லாம் ‘உறுதி’ என்று மாற்ற முயன்றால் எதுவும் மாறவில்லை. தேதி சரியாகத்தான் கொடுக்கிறேன். எனக்கு வயது 60-க்கு மேல், மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் சொல்லித்தான் இதெல்லாம் செய்கிறேன்.

பதில்: ஆச்சி, நீங்கள் இதைச் செய்வதே பெரிய விஷயம். உங்கள் டேபிளில் தேதியோடு நேரமும் சேர்ந்து இருக்கிறது. ‘தேதி = 2025-01-16’ என்று கேட்டால் அது 16-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி 0 நிமிடம் 0 நொடி என்றுதான் பொருள், விருந்தினர் வருவதாகப் போட்டிருப்பதோ பகல் 11 மணி. ‘16-ஆம் தேதி அல்லது அதற்குப் பின், 17-ஆம் தேதிக்கு முன்’ என்று இரண்டு கண்டிஷனாகக் கொடுக்கச் சொல்லுங்கள் மகனிடம், அன்று முழுவதும் அகப்படும். தேதி என்ன வகை ஃபீல்டாக இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்தாகச் சேமித்து ‘16-01-2025’ என்று வைத்திருந்தால் இந்த வழி உதவாது, முதலில் உண்மையான தேதி வகைக்கு மாற்ற வேண்டும்.

கேள்வி (பள்ளத்தூர்): பைத்தானில் அப்டேட் ஓட்டினால் 1 ரெக்கார்டு மாறியது என்கிறது, வேறு விண்டோவில் பார்த்தால் மாறவில்லை.

பதில்: மாற்றத்தை நிலையாக்கும் ‘கமிட்’ கட்டளையை நீங்கள் எழுதவில்லை. மைஎஸ்க்யூஎல்லின் சொந்த கிளையன்டில் ஆட்டோ கமிட் இயல்பாகவே ஆனில் இருக்கும், பைத்தான் கனெக்டரில் இயல்பாகவே ஆஃப். கமிட் செய்யாமல் கனெக்ஷனை மூடினால் மாற்றம் போச்சு. எஸ்க்யூஎல்லைட் ஃபைலை டிபி பிரௌசரில் திறந்து திருத்துகிறவர்களும் ‘ரைட் சேஞ்சஸ்’ பட்டனை அழுத்த மறந்து இதே புகாரைச் சொல்கிறார்கள். கமிட் எழுதிய பிறகும் பழசு தெரிந்தால், அந்த வேறு விண்டோவில் நீங்கள், கமிட் வரை ஒரே தொகுப்பாக ஓடும் ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்தபடி வைத்திருக்கலாம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி இயல்பாகவே அந்த டிரான்ஸாக்‌ஷன் முதலில் படித்த நேரத்தின் நிலையைத்தான் கடைசிவரை காட்டும். அங்கேயும் ஒரு கமிட் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி (கோட்டையூர்): எந்த ரெக்கார்டும் மாறாததற்கு ‘வேர்’ கண்டிஷன்தான் காரணம் என்றால், அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் என்ன?

பதில்: எல்லா ரெக்கார்டும் மாறும், எல்லாம் ஒரே மதிப்பாக! தயவுசெய்து வேண்டாம். மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச் 1175 என்ற எரரைக் காட்டி உங்களைத் தடுப்பது இதற்காகத்தான், கீ (அடையாள எண் போன்ற ஃபீல்டு) இல்லாத கண்டிஷனோடு அப்டேட் கொடுத்தாலும் அதே எரரைக் காட்டும். இணையத்தில் தேடினால் ‘சேஃப் அப்டேட்ஸை ஆஃப் செய்’ என்றுதான் முதலில் சொல்வார்கள், அந்த வேலைக்கு மட்டும் ஆஃப் செய்து திரும்பப் போட்டால் சரி, அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கண்டிஷனைச் சோதிக்க வேண்டுமானால் அதே கண்டிஷனை எடுத்து ரெக்கார்டுகளைப் படிக்க மட்டும் செய்யும் ஒரு ‘செலக்ட்’டில் போட்டு ஓட்டுங்கள். எத்தனை ரெக்கார்டு வருகிறதோ அத்தனைதான் அப்டேட்டிலும் அகப்படும். ஒன்றும் வரவில்லை என்றால், ‘அண்ட்’ போட்டுச் சேர்த்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள், எதை எடுத்ததும் ரெக்கார்டுகள் வந்து விழுகின்றனவோ அதில்தான் கோளாறு. செலக்டில் வருகிறது, அப்டேட்டில் மட்டும் பூஜ்யம் என்றால் அது வேறு வகை. போஸ்ட்கிரெஸில் ரோ லெவல் செக்யூரிட்டி போட்டிருந்தால் படிக்க அனுமதி இருந்து திருத்த அனுமதி இல்லாத ரெக்கார்டை எரர் இல்லாமலே தாண்டிப் போகும், அப்டேட்டுக்கு முன் தானாக ஓடும் ‘பிஃபோர்’ டிரிக்கர் ஒன்று நல்லைத் திருப்பிக் கொடுத்தாலும் அப்படித்தான். எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் புரோகிராம் எந்த டேட்டாபேஸோடு இணைந்திருக்கிறது என்று அந்த புரோகிராமிலிருந்தே கேட்டுப் பாருங்கள், டெஸ்ட் சர்வரை மாற்றிவிட்டு லைவ் சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் நிறைய.

அப்டேட்டையே ஓட்டிப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றால் ‘ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷன்’ கொடுத்து, ஓட்டி, எண்ணிக்கையைப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் ‘ரோல்பேக்’ கொடுங்கள். டேபிள் இன்னோடிபியா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மைஎஸ்க்யூஎல் 5.5-இலிருந்து இயல்பாகவே இன்னோடிபிதான் வருகிறது, ஆனால் அதற்கு முந்தைய காலத்து டேபிள்கள் பல இன்னும் மைஐசாம் என்ற பழைய எஞ்சினிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. மைஐசாமில் ரோல்பேக் கொடுத்தால் ஓர் எச்சரிக்கை வரும், ஆனால் மாறியது மாறியதுதான், பேக்கப்பிலிருந்து எடுத்தால்தான் பழையது கிடைக்கும்.